ஏப்பக்காரனும் இரண்டாவது சாட்சியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனால் இரண்டு பொருள்கள்தான் அதிகம் கண்ணில் படும். ஒன்று போன், இன்னொன்று கார். நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்து 2014இல் மூடிவிட்டுப் போனது. அதற்குப் பிறகும் அந்தச் சாலையில் போன் தொழில் நிற்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ-நிசான் என்று காருக்கும் குறைவில்லை. நம் பால்வெளியின் நடுவிலிருந்து வரும் ரேடியோ அலையை மனிதன் முதன்முதலில் பிடித்ததற்குக் காரணமும் இதே இரண்டு பொருள்கள்தான் என்றால் வேடிக்கையாக இருக்கும். ஒரு டெலிபோன் கம்பெனியும் சில கார் சக்கரங்களும்!

அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்று ஓர் இளம் பொறியாளர். அட்லாண்டிக் கடலைத் தாண்டி ரேடியோ வழியாகப் போகும் தொலைபேசிப் பேச்சில் கரகரவென்று இரைச்சல் வருகிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நியூ ஜெர்சியின் ஹோம்டெல் என்ற இடத்தில் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆன்டெனாவைக் கட்டினார். அது வட்டமாகச் சுற்ற வேண்டும். அதற்கு ஃபோர்டு மாடல் டி காரின் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டார். 20.5 மெகாஹெர்ட்ஸில் கேட்டதில் பக்கத்து இடி மின்னல், தூரத்து இடி மின்னல் இரண்டும் கிடைத்தன. மூன்றாவதாக ஒரு மெல்லிய 'உஸ்ஸ்' சத்தமும் கிடைத்தது.

அந்த மூன்றாவது சத்தத்துக்குச் சொந்தக்காரர் யார்? 1931 டிசம்பர், 1932 ஜனவரியில் அது சூரியன் இருக்கும் திசையிலிருந்தே வருவதுபோல் இருந்தது. சூரியன்தான் என்று முடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஜான்ஸ்கி தொடர்ந்து பதிவு செய்துகொண்டே இருந்தார். மாதம் போகப் போக சத்தம் சூரியனை விட்டு விலகியது. தினமும் 4 நிமிடம் முன்னதாக வந்தது. 24 மணிக்கு ஒரு தடவை வந்தால் அது சூரியக் கணக்கு. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தால் அது நட்சத்திரக் கணக்கு. ஆக, சத்தம் சூரியனுக்கு அப்பால் தனுசு ராசித் திசையில், பால்வெளியின் நடுவிலிருந்து வருகிறது. 1933 மே 5ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. முதலில் சூரியனோடு குழப்பிக்கொண்டதற்குக் காரணம் நமக்கு ரொம்பப் பழக்கமானது: அது மார்கழி மாதம். மார்கழியில் சூரியன் தனுசில்தானே இருப்பார்!

நட்சத்திரக் கணக்கில் சொன்னால் பால்வெளியின் மையம் மூலத்துக்கும் பூராடத்துக்கும் நடுவில் வருகிறது. 'மூலம் என்றால் வேர், ஆதி. பார்த்தீர்களா, நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது' என்று ஒரு ஃபார்வர்டு மெயில் எழுத நல்ல வாய்ப்பு. தயவுசெய்து எழுத வேண்டாம். அந்த மையம் வெறும் கண்ணுக்குத் தெரியாது, சாதாரணத் தொலைநோக்கிக்கும் தெரியாது. நமக்கும் அதற்கும் நடுவில் 26,000 ஒளியாண்டு தூரத்துக்குத் தூசி மேகம். கண்ணால் பார்க்கும் ஒளியை அது அநேகமாக முழுசாக விழுங்கிவிடுகிறது. ரேடியோ அலை தூசியைத் தாண்டி வந்துவிடும். அதனால்தான் இந்தக் கதை முழுக்க ரேடியோ தொலைநோக்கிகளின் கதையாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இது பூகோளம். பால்வெளியின் மையம் வான நடுக்கோட்டுக்கு 29 டிகிரி தெற்கே இருக்கிறது. ஜான்ஸ்கியின் நியூ ஜெர்சியில் அது அடிவானத்திலிருந்து சுமார் 20 டிகிரிதான் ஏறும். அமெரிக்காவின் பெரிய ரேடியோ தொலைநோக்கித் தொகுப்பான வி.எல்.ஏ. நியூ மெக்சிகோவில் இருக்கிறது; அங்கே 27 டிகிரி. இங்கிலாந்தில் கேட்கவே வேண்டாம், தரையோடு தரையாக எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 48 டிகிரி, ஊட்டியில் கிட்டத்தட்ட 50. ஆனி மாதம் நள்ளிரவில் ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறுகிறவர் தெற்கே பாதி வானம் உயரத்தில் பார்த்தால் அதுதான் இடம். (ஆலை விளக்குகளுக்கு நடுவில் நட்சத்திரம் தெரிந்தால் அது அவர் அதிர்ஷ்டம்.) வளமான வடநாடுகளின் கருவிகள் எல்லாம் எக்கி எக்கிப் பார்த்த இடத்தை நம் ஊரிலிருந்து நிமிர்ந்தே பார்க்கலாம். ஆனால் பார்ப்பதற்குக் கருவி வேண்டுமே?

இங்கேதான் கோவிந்த் ஸ்வரூப் வருகிறார். 1929இல் உத்தரப் பிரதேசத்தின் டாக்குர்துவாராவில் பிறந்தவர். ஐம்பதுகளில் ஆஸ்திரேலியாவில் ரேடியோ வானியல் கற்று, பிறகு அமெரிக்கா போய், 1963இல் ஹோமி பாபாவின் அழைப்பில் மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பினார். அவர் மனதில் இருந்த திட்டம் சரியான கில்லாடித் திட்டம்.

அன்றைக்கு ரேடியோ தொலைநோக்கிகளுக்குப் பார்வை மங்கல். ஒரு சிக்னல் வானத்தில் எந்தப் புள்ளியிலிருந்து வருகிறது, எவ்வளவு பெரியது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஸ்வரூப் நிலாவைக் கூப்பிட்டார். நிலா வானத்தில் நொடிக்கு சுமார் அரை ஆர்க்-செகண்ட் வேகத்தில் நகர்கிறது. (ஒரு டிகிரியில் 3,600 ஆர்க்-செகண்ட்.) அது ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும்போது சிக்னல் எத்தனை நொடியில் குறைகிறது என்று அளந்தால் அந்த மூலத்தின் அகலம் தெரிந்துவிடும். நிலாவின் விளிம்பே கத்தி! மேடைத் திரை மெல்ல மூடும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரிசையாகக் கண்டுபிடிப்பது மாதிரி.

அதற்கு நிலாவை மணிக்கணக்கில் பின்தொடரும் பெரிய ஆன்டெனா தேவை. பூமியின் அச்சுக்கு இணையாக ஒரே ஓர் அச்சில் சுழன்றால் போதும் என்று வைத்தால் செலவு குறையும். சமதரையில் அப்படிக் கட்ட முடியாது. ஆனால் வடக்கு தெற்காகச் சரியும் ஒரு மலைச்சரிவு கிடைத்து, அதன் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமமாக இருந்தால்? தென்னிந்திய மலைகளில் தேடி நீலகிரியில் முத்தோரை பக்கம் அப்படி ஒரு சரிவைக் கண்டுபிடித்தார்கள். சாய்வு சுமார் 11 டிகிரி, ஊரின் அட்சரேகையும் 11 டிகிரி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பிரதிபலிக்கும் பரப்பு தகடு இல்லை, 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கும் ஓடும். வடிவமைத்ததும் கட்டியதும் இந்தியாவிலேயே. 1970இல் வேலை தொடங்கியது. பாபா அதைப் பார்க்கவில்லை. 1966 ஜனவரி விமான விபத்தில் போய்விட்டார்.

நிலா தன் பாதையில் மிகத் தெற்கே இறங்குவது 18.6 வருஷத்துக்கு ஒரு தடவை வரும் சுற்று. அப்படி இறங்கும் காலத்தில்தான் பால்வெளியின் மையத்தை அது மறைக்கும். 1969ஐ ஒட்டி அந்தக் காலம் வந்தது. 1970இல் ஊட்டித் தொலைநோக்கி கண் திறக்கிறது. இரண்டு மூன்று வருஷம் தாமதமாகியிருந்தால் அடுத்த வாய்ப்பு எண்பதுகளின் பிற்பாதியில்தான்! கோபால்-கிருஷ்ணா, ஸ்வரூப், சர்மா, ஜோஷி ஆகியோர் நிலா மையப் பகுதியை மறைத்த நேரங்களைப் பதிவு செய்து 1972இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். நீலகிரிச் சரிவிலிருந்து எஃகுக் கம்பிகளும் நிலாவும் சேர்ந்து பால்வெளியின் நடுவைப் பார்த்த கதை அது. நம் பாடப் புத்தகங்களில் இதற்கு ஒரு பக்கம் கொடுத்திருக்கலாம்.

1974 பிப்ரவரியில் அமெரிக்காவில் புரூஸ் பாலிக், ராபர்ட் பிரவுன் இருவரும் அந்த மையத்துக்குள் மிகச் சின்னதாக, மிகப் பிரகாசமாக ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் 'சாஜிட்டேரியஸ் ஏ*' என்று பெயர் வாங்கியது அதுதான். 40 லட்சம் சூரியன்களின் எடை கொண்ட கருந்துளை. அதன் கதை நோபல் பரிசு (2020), முதல் படம் (2022) வரை போய்விட்டது, எல்லோருக்கும் தெரியும். அதைச் சுற்றியுள்ள பகுதியில் திடீரென்று தோன்றி மறையும் ரேடியோ மூலங்களைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

நட்சத்திரம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம் அது. நியூட்ரான் நட்சத்திரம், கருந்துளை ஜோடி, வெண்குள்ளன் என்று வம்பு செய்யக்கூடிய எல்லாமே அந்தத் திசையில் அதிகம். ஆகவே அங்கே ஏதாவது எரிந்து அணைந்துகொண்டே இருக்க வேண்டும். 1975இல் ஒன்று எக்ஸ்-கதிரில் கிளம்பி ரேடியோவிலும் தெரிந்தது. 1990இல் இன்னொன்று வந்து சில மாதங்களில் மங்கியது. நாற்பது வருஷ ரேடியோ வானியலுக்கு இது ரொம்பக் கொஞ்சம். காரணம் எளிது. யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. பெரிய தொலைநோக்கியில் நேரம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்த நேரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார்கள். ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு தெருவில் யார் வந்தார், யார் போனார் என்று எப்படிச் சொல்வது?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல அடிப்படைப் படம் தேவை. அதன் பின்னாலும் ஊட்டியோடு தொடர்புள்ள ஒருவர் இருக்கிறார். கே. ஆர். அனந்தராமையா, பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஊட்டித் தொலைநோக்கியில் பால்வெளித் தளத்தின் வாயுக்களை ஆராய்ந்தவர். எண்பதுகளில் அவரும் பெட்லர், எக்கர்ஸ், காஸ் முதலானவர்களும் வி.எல்.ஏ.வில் 90 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது ஊட்டியின் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே, பால்வெளி மையத்தைப் பதிவு செய்தார்கள். 1989, 1991இல் கட்டுரைகள் வந்தன. அன்றைய கணினிகளுக்கு அந்த டேட்டா முழுவதையும் பெரிய படமாக்கும் தெம்பு இல்லை. அது கிடங்கில் கிடந்தது. 2000இல் லாரோசா, காசிம் குழு அதே பழைய டேட்டாவை எடுத்துப் புதிய முறையில் கணக்கிட்டு, 4 டிகிரிக்கு 5 டிகிரி அகலத்தில் ஒரு படம் போட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ரேடியோ மூலங்கள் ஒரே சட்டத்தில்! அனந்தராமையா 2001இல் காலமானார். அவர் கைப்பட்ட டேட்டாவிலிருந்து வந்த படம், மாறும் மூலங்களைத் தேடுகிறவர்களுக்கு ஒப்பீட்டுக்கு உதவும் வரைபடமாக இருந்தது.

தேடியவர்கள் யார் என்பதும் சுவாரஸ்யம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்வீட் பிரையர் என்று ஒரு சின்னப் பெண்கள் கல்லூரி. அங்கே இயற்பியல் பேராசிரியர் ஸ்காட் ஹைமன். அவருக்குக் கூட்டாளிகளாகக் கடற்படை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லாசியோ, காசிம் போன்றவர்கள். படங்களை வரிசையாக வைத்து 'இதில் இருப்பது அதில் இருக்கிறதா' என்று பார்க்கும் பொறுமையான வேலையில் இளநிலை மாணவிகளும் இருந்தார்கள். 1998ஆம் வருஷ டேட்டாவில் ஒரு தற்காலிக மூலத்தைக் கண்டுபிடித்து 2002இல் வெளியிட்டார்கள். அது சும்மா முன்னோட்டம்.

2002 செப்டம்பர் 30, அக்டோபர் 1. வி.எல்.ஏ. 330 மெகாஹெர்ட்ஸில் சில மணி நேரம் அந்தப் பகுதியைப் பார்த்தது. டேட்டாவைப் பின்னால் ஆராய்ந்தபோது மையத்துக்குச் சுமார் ஒன்றேகால் டிகிரி தெற்கே புதிதாக ஒரு புள்ளி. நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தால் அது தொடர்ந்து எரியவே இல்லை. சுமார் 10 நிமிடம் எரிகிறது, அணைகிறது. 77 நிமிடம் கழித்து மறுபடியும் 10 நிமிடம். இப்படி ஐந்து தடவை, தாளம் தப்பாமல்! உச்சத்தில் 1 ஜான்ஸ்கி. (ஆம், அளவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.) இது எவ்வளவு சன்னமான சிக்னல் தெரியுமா? ஒரு வாட் சக்தியில் பேசும் சாதாரண ஜி.எஸ்.எம். செல்போனை நிலாவில் வைத்தால், அதன் 200 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் நமக்கு 200 ஜான்ஸ்கிக்கு மேல் வரும். ஸ்ரீபெரும்புதூரில் பெட்டி பெட்டியாக அடுக்கி அனுப்பும் சாமானில் ஒன்றே ஒன்று நிலாவில் இருந்தால் போதும், இந்த மூலத்தை அமுக்கிவிடும்.

2005 மார்ச் 3 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது. அதிகாரப்பூர்வப் பெயர் ஜி.சி.ஆர்.டி. ஜே1745-3009. வாயில் நுழையாத பெயர் என்பதால் வானியலாளர்கள் செல்லமாக 'ஏப்பக்காரன்' என்ற பொருளில் கூப்பிட ஆரம்பித்தார்கள். சாப்பாடு முடிந்த தாத்தா திண்ணையில் உட்கார்ந்து நேரம் வைத்து ஏப்பம் விடுவதுபோல் இருந்ததோ என்னவோ.

இதில் பெரிய விஷயம் எங்கே இருக்கிறது என்றால், ஒரு பொருள் எவ்வளவு சீக்கிரம் மங்குகிறதோ அந்த அளவுக்கு அது சின்னதாக இருக்க வேண்டும். 2 நிமிடத்தில் மங்கினால், ஒளி 2 நிமிடத்தில் போகும் தூரத்தை, அதாவது சுமார் 3.6 கோடி கிலோமீட்டரை, விடப் பெரிதாக இருக்க முடியாது. பெரிதாக இருந்தால் முன்பக்கம் அணைந்த சேதியும் பின்பக்கம் அணைந்த சேதியும் வேறு வேறு நேரத்தில் வந்து சேர்ந்து மங்கலை இழுத்துவிடும். அவ்வளவு சின்னப் பொருள் சுமார் 230 ஒளியாண்டுக்கு அப்பால் இருந்துகொண்டு இவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தால், அது சாதாரணமாக எலெக்ட்ரான்கள் தனித்தனியே வெளியிடும் அலையாக இருக்க முடியாது. எல்லாம் ஒரே லயத்தில் சேர்ந்து வெளியிட வேண்டும். கூட்டத்தில் அவரவர் இஷ்டத்துக்குக் கைதட்டுவது ஒன்று, கும்மியில் நாற்பது கை ஒரே நேரத்தில் விழுவது வேறொன்று. இது கும்மி ரகம்.

சரி, ஆனால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கருவியில் கிடைத்த சேதி. வானியலில் இது ஆபத்தான நிலை. ரேடியோ தொலைநோக்கிக்குத் தொல்லை கொடுக்காத பொருளே உலகத்தில் கிடையாது: விமானம், செயற்கைக்கோள், மோட்டார், கரண்ட் கம்பித் தீப்பொறி எல்லாமே சத்தம் போடும். 77 நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும் ஏதோ ஒரு யந்திரம் இல்லை என்று எப்படி நம்புவது? சிக்னல் வானத்தோடு சேர்ந்தே நகர்ந்தது, புள்ளி அசையாமல் ஒரே இடத்தில் நின்றது என்பவை நல்ல வாதங்கள். இருந்தாலும் கோர்ட்டில் கேட்பதுபோல் இரண்டாவது சாட்சி வேண்டும். வேறு நாடு, வேறு கருவி, வேறு மின்சாரம்.

அந்தச் சாட்சி மராட்டியத்தில் புனேவுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் பக்கத்துக் கோடாட் கிராமத்தில் இருந்தது. ஜி.எம்.ஆர்.டி. என்கிற ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கி. இதுவும் ஸ்வரூபின் கனவுதான். 45 மீட்டர் விட்டத்தில் 30 ஆன்டெனாக்கள். 14 நடுவில் ஒரு கொத்தாக, மீதி 16 மூன்று கைகளாக விரிந்து 25 கிலோமீட்டர் வரை. ஊட்டியில் கம்பி கட்டிப் பழகிய கை இங்கே கயிற்றில் கட்டிய கம்பி வலையாக மாறியது. அதனால்தான் இவ்வளவு பெரிய கிண்ணத்தை மலிவாகச் செய்ய முடிந்தது. 2002 முதல் உலகத்து வானியலாளர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பால்வெளி மையம் அங்கே 42 டிகிரி உயரம். புனேவைச் சேர்ந்த சுபாஷிஸ் ராய், பிரமேஷ் ராவ் இருவரும் இதே கருவியில் சாஜிட்டேரியஸ் ஏ*ஐ 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழேயும் பிடித்துக் காட்டியவர்கள் (2004).

ஹைமன் குழு ஜி.எம்.ஆர்.டி.யிலும் அந்தப் பகுதியைக் கண்காணித்து வந்தது. ஏப்பக்காரன் இருக்கும் இடத்தைத் தோண்டிப் பார்த்ததில் 2003 செப்டம்பர் 28ஆம் தேதி டேட்டாவில் மாட்டியது! ஒரே ஒரு வெடிப்பு, அதுவும் வால்பகுதி மட்டும், சுமார் 0.5 ஜான்ஸ்கி. ஆனால் இடம் அதே இடம். இப்போது அமெரிக்கப் பாலைவனத்து யந்திரக் கோளாறு என்று யாரும் சொல்ல முடியாது. 2006இல் கட்டுரை. அடுத்து 2004 மார்ச் 20 ஜி.எம்.ஆர்.டி. டேட்டாவில் இன்னொன்று. இது 0.05 ஜான்ஸ்கி, சுமார் 2 நிமிடம். பழைய வெடிப்போடு ஒப்பிட்டால் தொண்டைக்குள்ளேயே அமுங்கிய ஏப்பம். 2007இல் வந்த அந்தக் கட்டுரையில் ஹைமனுக்கு அடுத்த பெயர்கள் ராய், பால். அலைவரிசை கொஞ்சம் கூடினாலே பிரகாசம் தடாலென்று சரிவதை அதில் காட்டினார்கள்.

2003ஆம் வருஷத்து அதே டேட்டாவை ராயும் கூட்டாளிகளும் மறுபடியும் எடுத்து 2010இல் வெளியிட்டது இன்னும் முக்கியம். அந்த அலை வட்ட முனைவாக்கம் கொண்டது, அதாவது திருகிக்கொண்டே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். வலுவான காந்தப்புலத்தின் கைரேகை அது. கும்மி வாதம் உறுதியானது. அளவும் சுருங்கியது: சூரியனின் ஆரத்தைப்போல் அதிகபட்சம் 8 மடங்கு. அதோடு, காந்தம் மிகுந்த ஒரு குள்ள நட்சத்திரம் 13,000 ஒளியாண்டுக்கு உட்பட்ட தூரத்தில் இருந்தால் இதெல்லாம் நடக்கலாம் என்றார்கள். அப்படியானால் ஏப்பக்காரன் பால்வெளி மையத்திலேயே இல்லை! நடுவழியில் எங்கோ நின்றுகொண்டு மையத்தின் திசையில் தெரிந்த ஆசாமியாக இருக்கலாம். மையத்தில் தேடப் போய் வழியில் நிற்கிறவனைக் கண்டுபிடித்த கதை.

வேறு யோசனைகளும் வந்தன. 77 நிமிடத்துக்கு ஒரு தடவை சுற்றும் வெண்குள்ளன் பல்சார்போல் நடந்துகொள்கிறது என்று ஜாங், கில் இருவரும் 2005இலேயே எழுதினார்கள். விட்டு விட்டுத் தூங்கும் பல்சார், நியூட்ரான் நட்சத்திர ஜோடி என்றும் சொன்னார்கள். மூன்று தடவை பிடிபட்டதை வைத்துக்கொண்டு எதையும் தீர்ப்பாகச் சொல்ல முடியவில்லை. சாதாரண பல்சார்கள் நொடிக்கணக்கில் துடிப்பவை. மணிக்கணக்கில் துடிப்பது என்பது அன்றைய புத்தகங்களில் இல்லாத இனம். ஏப்பக்காரன் ஜாதியில்லாத தனியாள்.

இதற்கிடையில் ஜி.எம்.ஆர்.டி. தனியாகவே ஒன்றைப் பிடித்தது. 235 மெகாஹெர்ட்ஸ் கண்காணிப்பில் 2006 கடைசியில் தோன்றி, 2007 ஜனவரி 28ஆம் தேதி சுமார் 0.1 ஜான்ஸ்கி உச்சத்தைத் தொட்டு, மே மாதத்துக்குள் பாதியாக மங்கிய ஜி.சி.ஆர்.டி. ஜே1742-3001. பத்து தடவை பதிவானது. இது நிதானமாக வந்து நிதானமாகப் போகிற ரகம்.

இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம். ஜி.எம்.ஆர்.டி.யைச் சுற்றித் தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. உலக அளவில் 322 முதல் 328.6 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையை ரேடியோ வானியலுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஊட்டித் தொலைநோக்கி கேட்பது அதற்குள்தான். ஆனால் வெல்டிங் தீப்பொறிக்கும் மோட்டாருக்கும் ஒதுக்கீட்டுப் பட்டியல் படிக்கத் தெரியாது. ஒரகடம் மாதிரி ஒரு வட்டாரம் நாட்டுக்கு வேலை கொடுக்கிறது. அதே காரணத்தால் அங்கே இப்படி ஒரு காது வைக்க முடியாது. நாராயண்காவ் பக்கத்து இளைஞர்களுக்கு ஆலை வேலை உள்ளூரில் கிடைக்காமல் போவதும் இதன் விலையில் சேர்த்தி. இதைச் சொல்லாமல் 'நம் நாட்டின் பெருமை' என்று மட்டும் எழுதுவது பாதிக் கணக்கு.

ஏப்பக்காரனுக்குச் சொந்தக்காரர்கள் கிடைக்கப் பதினேழு வருஷம் ஆனது. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி: 2018ஆம் வருஷ டேட்டாவில் 18 நிமிடத்துக்கு ஒரு தடவை துடிக்கும் மூலம். கண்டுபிடித்தது இங்கேயும் ஒரு கல்லூரி மாணவர். 2023இல் 22 நிமிடத்துக்கு ஒன்று, பெயர் ஜி.பி.எம். ஜே1839-10. 2024இல் 54 நிமிடத்துக்கு ஒன்று. 2025இல் 44 நிமிடத்துக்கு ஒன்று, அது எக்ஸ்-கதிரும் விடுகிறது. அதே வருஷம், சுமார் 125 நிமிடத்துக்கு ஒரு தடவை துடிப்பது வெண்குள்ளனும் சிவப்புக் குள்ளனும் சேர்ந்த ஜோடி என்று நிரூபித்தார்கள். 'நீள்காலத் துடிப்பு மூலங்கள்' என்று ஓர் இனமே உருவாகிவிட்டது; 77 நிமிடக்காரன் அந்தப் பட்டியலில் சரியாக நடுவில் உட்காருகிறான். இனம் ஒன்றா, பலவா என்ற சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

அந்த 22 நிமிடக்காரனைக் கண்டுபிடித்ததும் ஆராய்ச்சியாளர்கள் முதலில் செய்தது பழைய கிடங்குகளைத் திறந்ததுதான். வி.எல்.ஏ. பதிவுகளிலும் ஜி.எம்.ஆர்.டி. பதிவுகளிலும் அது இருந்தது. மிகப் பழைய துடிப்பு 1988ஆம் வருஷத்தது. 35 வருஷமாக நாடாவிலும் வட்டிலும் துடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. 22 நிமிடத்துக்கு ஒரு தடவை யாரும் தேடவில்லை.